வீட்டில் அடி, வெளியில் வெள்ளம்: போனில் உதவி தேடும் பெண்கள் கேட்கும் கேள்விகள்

முதலில் ஒன்று. உங்கள் கணவரும் எடுத்துப் பார்க்கிற போனில் இதை வாசிக்கிறீர்களா? வாசித்து முடிந்ததும் பிரவுசரின் ஹிஸ்டரியில் இந்தப் பக்கத்தை மட்டும் தேடி அழித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க வேண்டாம். வெறுமையாகக் கிடக்கிற ஹிஸ்டரியே சந்தேகத்தைக் கிளப்பும்.

இப்போதே ஆபத்து என்றால் வாசிக்கவும் வேண்டாம். இலங்கையில் பொலிஸ் 119. மகளிர் உதவிக்கு 1938. அம்புலன்ஸ் 1990. வெள்ளம், புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929.

கீழே உள்ளவை மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் மகளிர் சங்கக் கூட்டங்கள் முடிந்து எல்லாரும் எழும்பிப் போன பிறகு, ஒருத்தி மட்டும் பின்னுக்கு நின்று என்னிடம் கேட்ட கேள்விகள். அநேகமாக அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

வெள்ளத்துக்கும் மனுசன் அடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

மார்கழி முடிந்து ஒரு மாதம் நம்முடைய ஊர்களில் வீடு வீடாகப் போனால் சம்பந்தம் தெரியும். பெரும்போக வெள்ளாமைக்கு உரம் வாங்க மனைவியின் காப்பு அடகுக்குப் போயிருக்கும். கதிர் வருகிற நேரம் குளத்து வான்கதவைத் திறப்பார்கள், வட்டை (வயல்வெளி) முழுக்கத் தண்ணீர் நிற்கும். வெள்ளாமை அழுகிப்போகும். அடகுச் சீட்டு மட்டும் மிஞ்சும். அதே கிழமை நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்பார், அதுவும் மனைவியின் பெயரில் எடுத்த கடனுக்கு. வாவியில் தோணி இறக்க ஏலாது. கூலி வேலை இல்லை. வீட்டுக்குள் ஆண் முழுநாளும் இருப்பார், சிலர் குடித்துவிட்டு இருப்பார்கள்.

கோடையில் வேறு விதம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிணறு அடியில் போய்விடும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தண்ணீருக்குக் குடத்தோடு தூரம் நடக்க வேண்டும், வர நேரமாகும். "இவ்வளவு நேரம் எங்க போன?" என்ற கேள்வியில் அடி தொடங்கும். இரவில் புழுக்கம், நித்திரை இல்லை, கரண்ட் போனால் பிள்ளை அழும். அதுவும் ஒரு சாட்டாகும்.

இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய 3 நாடுகளில் ஏறக்குறைய 195,000 பெண்களின் தகவல்களை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடுகிற இடத்தில், துணைவரின் வன்முறையும் ஏறத்தாழ 4.5 சதவீதம் கூடுவதை அது காட்டியது. நம்முடைய நாட்டில் 2019இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், ஐந்தில் ஒரு பெண் வாழ்நாளில் ஒரு தடவையாவது துணைவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறாள். அதாவது வெள்ளம் வராத ஆண்டிலும்.

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெள்ளம் யாருக்கும் கை ஓங்குவதில்லை. அதே வட்டையில் அதே வெள்ளாமையை இழந்த பக்கத்து வீட்டு மனிதர் தன் மனைவியோடு ஒரு தேத்தண்ணியைப் பங்குபோட்டுக் குடித்துக்கொண்டு இருக்கிறார். "அவருக்குக் கஷ்டம் அக்கா, அதான்" என்று நீங்கள் சொல்லும்போது கஷ்டம் உங்களுக்கும்தான் என்பது உங்களுக்கே மறந்துபோகிறது.

போனும் சிம்மும் அவர்ட பேரில. எனக்கெண்டு ஒண்டு எப்படி எடுக்கிற?

உங்கள் தேசிய அடையாள அட்டையைக் காட்டி நீங்களே ஒரு பிரீபெய்ட் சிம் எடுக்கலாம். கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை. ஸ்மார்ட் போன் வேண்டும் என்றும் இல்லை. பழைய பட்டன் போன் போதும். அதன் சார்ஜ் சில நாளைக்கு நிற்கும், வெள்ள நேரத்தில் அதுவே பெரிய உதவி.

அதை எங்கே ஒளித்து வைப்பது என்று இங்கே எழுத மாட்டேன். இதை அவரும் வாசிக்கக்கூடும். ஒன்று மட்டும் யோசியுங்கள்: அது அகப்பட்டால் என்ன நடக்கும்? நடக்கப்போவது பயங்கரம் என்று உங்கள் மனம் சொன்னால் வீட்டில் வைக்கவே வேண்டாம். உம்மாவிடம், தங்கச்சியிடம், இரண்டு வீடு தள்ளி நீங்கள் நம்புகிற ஒருத்தியிடம் இருக்கட்டும். நம்முடைய ஊர்களில் அக்கா தங்கச்சிமார் ஒரே வளவில், ஒரே ஒழுங்கையில் இருப்பது பெரிய பலம்.

அவர் என்ட போனைப் பாக்கிறாரெண்டு எப்படி அறியிற?

ஒளிந்திருந்து பார்க்கிற செயலி பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நான் கண்டது வேறு. போனை வாங்கித் தந்தவர் அவர், அல்லது கட்டாரிலிருந்து அனுப்பியவர் அவர். ஜிமெயிலைத் திறந்து கொடுத்தது கடைப் பொடியன். கடவுச்சொல் அவருக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. அங்கேதான் கதவு திறந்து கிடக்கிறது.

மூன்று இடம் பாருங்கள். வாட்ஸ்அப்பில் மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் 'லிங்க்ட் டிவைசஸ்' என்று வரும். உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ அங்கே இருந்தால், உங்கள் செய்திகள் வேறு இடத்திலும் திறந்து வாசிக்கப்படுகின்றன. கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு 'லொகேஷன் ஷேரிங்' பாருங்கள். யாருடைய பெயராவது இருந்தால் நீங்கள் நிற்கிற இடம் அவருக்குத் தெரிகிறது. கடைசியாக, உங்கள் கூகுள் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்பதையும் செட்டிங்கில் பார்க்கலாம்.

இனி முக்கியமான இடம். கண்டுபிடித்தவுடன் வெட்டிவிட வேண்டாம். நேற்று வரை தெரிந்தது இன்று தெரியாமல் போனால், உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கு விளங்கும். அந்த இரவு நல்ல இரவாக இருக்காது. அந்தப் போனை வழமைபோல மாமிக்கு கோல் எடுக்கவும் நாடகம் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கிற கோலை வேறு போனில் எடுங்கள். போய்ச் சேர ஒரு பாதுகாப்பான இடம் தயாரான பிறகு மாற்ற வேண்டியதை மாற்றலாம்.

நம்பரை என்ன பேர் போட்டு வைக்கிற?

உங்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிற ஒரு பெயரைப் போடுங்கள்: தையல் அக்கா, கிளினிக் மிஸ். புதுப் பெயர் கேள்வி கேட்கப்படும். 119, 1938 இரண்டையும் சேமிக்கத் தேவையில்லை, மனப்பாடமாக இருக்கட்டும். நம்புகிற ஒருவருடைய முழு இலக்கத்தையும் மனப்பாடம் செய்யுங்கள். போனைப் பறித்து நிலத்தில் அடித்தால் அதற்குள் இருந்த நூறு பெயரும் போய்விடும்.

எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பலாம். போனபிறகு உங்கள் பக்கத்தில் அதை அழித்துவிடுங்கள்.

கோல் எடுத்தா என்ன கேப்பாங்க? எனக்குக் கதைக்கவே வராது.

எடுத்தவுடன் "தமிழில கதைக்கோணும்" என்று சொல்லுங்கள். அடுத்ததாக, திரும்ப உங்களுக்கு கோல் எடுக்கலாமா கூடாதா என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்து, இரவு பத்து மணிக்கு அவர் பக்கத்தில் இருக்கும்போது போன் அடித்த கதை எனக்குத் தெரியும். 1938க்கு எடுக்கிறவர் உடனே வழக்குப் போட வேண்டும் என்று இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் எடுக்கலாம்.

119க்கு எடுத்தால் முதலில் இடம். "பிள்ளையார் கோயிலடி" என்று சொன்னால் நம்முடைய மாவட்டத்தில் எந்தப் பிள்ளையார் என்று யாருக்கும் தெரியாது, அழைப்பு போய்ச் சேருகிற இடத்தில் இருப்பவருக்கு அறவே தெரியாது. மாவட்டம், ஊர், வீதி, பிறகு கோயிலோ பள்ளிவாசலோ பள்ளிக்கூடமோ. இதை ஒருநாள் சத்தமாகச் சொல்லிப் பழகிப் பாருங்கள். பதற்றத்தில் சொந்த ஊரின் பெயரே வாயில் வராது.

அண்மைக்கால அண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் பவர் பட்டனை 5 தடவை அடுத்தடுத்து அமுக்கினால் அவசர அழைப்புத் தொடங்கும். ஆனால் சிலவற்றில் அதற்கு முன் பெரிய சத்தத்தில் எண்ணிக்கை ஓடும். செட்டிங்கில் அந்தச் சத்தத்தை நிறுத்திய பிறகே இதை நம்புங்கள்.

பொலிஸுக்குப் போனா "சமாதானமாப் போங்க" எண்டு அனுப்புறாங்க. சட்டத்தில என்ன இருக்கு?

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அல்லது உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கேட்கலாம். அடி மட்டுமல்ல, கடுமையாக அவமானப்படுத்தி உளரீதியாகச் சித்திரவதை செய்வதும் இதற்குள் வரும். அவசரம் என்றால் 14 நாள் வரையான இடைக்காலக் கட்டளை. விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரையான கட்டளை. வீட்டுக்குள் வராதே, அவளுடைய வேலைத்தலத்துக்குப் போகாதே, போன் எடுத்துத் தொல்லை கொடுக்காதே என்று நீதவான் கட்டளையிடலாம். மீறினால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பிரிவைக் கேட்டுப் போங்கள். முறைப்பாட்டை எழுதியவுடன் அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "இலக்கம் தாங்க" என்று கேட்கிற பெண்ணை லேசாகத் திருப்பி அனுப்ப ஏலாது. வழக்குப் பேசக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

நான் முஸ்லிம். காதியிட்டத்தானே போகணும்?

விவாகரத்துக்கும் தாபரிப்புக்கும் (பராமரிப்புக் காசுக்கும்) காதி நீதிமன்றம். அடியிலிருந்து பாதுகாப்புக் கேட்பதற்கு நீதவான் நீதிமன்றம். மேலே சொன்ன சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் ஒன்றுதான்.

நான் வீட்டை விட்டுப் போகவா?

வேறு ஊர்களுக்காக எழுதிய அறிவுரைகள் "வெளியேறுங்கள்" என்று தொடங்கும். அது அப்படியே நமக்குப் பொருந்தாது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வதுதான் வழக்கம். நீங்கள் நிற்கிற வீடு அநேகமாக உங்கள் சீதன வீடு. உம்மாவும் வாப்பாவும், அம்மாவும் அப்பாவும் கல் சுமந்து கட்டியது. அப்படியிருக்க, ஏன் நீங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவில் ஒழுங்கையில் நிற்க வேண்டும்? அவரை வீட்டுக்கு வர வேண்டாம் என்று தடுக்கிற கட்டளையைத்தான் சட்டம் தருகிறது. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் "அப்பிடியும் கேக்கலாமா?" என்று கண்ணை விரிக்கிறார்கள். கேட்கலாம்.

ஆனால் வீட்டின் உறுதி, அதாவது பத்திரம், யாருடைய பெயரில் என்று பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் பல, 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் எழுதப்பட்டன. உறுதியோ பேர்மிட்டோ, அதை இன்றைக்கே போனில் படம் பிடித்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் அப்படியே. வெள்ளத்துக்குத் தேவையான பையும் அடியிலிருந்து தப்பத் தேவையான பையும் ஒன்றுதான். ஒருநாளும் இல்லாத ஒரு பை வாசலில் தயாராக இருந்தால் அவர் கேட்பார். ஐப்பசியில் அதே பை இருந்தால் "மாரிக்கு ஆயத்தம்" என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீடு யாருடையது என்று பார்க்க நேரமில்லை. அப்போது போக வேண்டியதுதான்.

முகாமில அவரும் இருக்கார். அங்க என்ன செய்யிற?

ஒரு வெள்ளத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் கண்டதைச் சொல்கிறேன். வகுப்பறைக்கு ஒரு பிளக்தான். ஆசிரியர் மேசையில் பதினொன்றோ பன்னிரண்டோ போன் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன, மல்ட்டி பிளக்கில் கருப்பு வெள்ளை வயர்கள் சிக்கிக்கிடந்தன. ஒருத்தி மட்டும் மேசைக்கு அருகே தரையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் தன் போனையே பார்த்துக்கொண்டு இருந்தாள். சாப்பாட்டுப் பார்சல் வந்தது, எழும்பவில்லை. திரை வெளிச்சம் வருகிற ஒவ்வொரு தடவையும் அரைவாசி எழும்பினாள். அக்காவிடமிருந்து வரப்போகிற ஒரு செய்தியை மச்சான்மார் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற பயம் என்று பிறகு தெரிந்தது. செய்தி முகப்பில் தெரியாமல் மறைக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. செட்டிங்கில் நோட்டிபிகேஷன் போய், பூட்டிய திரையில் உள்ளடக்கம் காட்ட வேண்டாம் என்று தெரிவுசெய்தால் போதும். அன்றைக்கு நான் அதைச் செய்துகொடுக்க ஒரு நிமிடம்தான் எடுத்தது.

முகாமில் கிராம உத்தியோகத்தரிடமோ, பிரதேச செயலகத்திலிருந்து வருகிற மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ, மருத்துவிச்சியிடமோ "எனக்கு வேற அறையில இடம் வேணும்" என்று கேளுங்கள். காரணத்தை எல்லார் முன்னும் சொல்லத் தேவையில்லை. மலசலகூடத்துக்கு இரவில் தனியாகப் போக வேண்டாம். நிவாரணப் பதிவில் உங்கள் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் தனியாகப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உலர் உணவும் காசும் அவர் கைக்கே போகும்.

மழைக்கு முதல் போனை எப்படி ஆயத்தப்படுத்துற?

மழை எச்சரிக்கை வந்தவுடன் முழுச் சார்ஜ். பவர் பேங்க் இருந்தால் அதையும். இரண்டு சொப்பிங் பேக்கில் சுற்றி இறப்பர் பட்டி போட்டு உடம்போடு வையுங்கள், பைக்குள் அல்ல. கரண்ட் போனபிறகு டேட்டாவை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மட்டும் போட்டுப் பாருங்கள். கோபுரங்கள் நெரிசலில் இருக்கும்போது கோல் போகாது, எஸ்எம்எஸ் சில வேளை போகும். அதனால் முன்கூட்டியே சொல் ஒன்றைப் பேசி வையுங்கள். "சீனி முடிஞ்சுது" என்று வந்தால் பொலிஸுக்கு எடு என்று அர்த்தம், இப்படி. சீனி கேட்கிற செய்தியை யாரும் சந்தேகிப்பதில்லை.

எங்கட ஊரில சிக்னலே இல்ல.

படுவான்கரையின் உள்ளூர்களிலும் எல்லைக் கிராமங்களிலும் குளக்கட்டில் ஏறினால்தான் கோடு தெரியும். அந்த இடம் எது என்று பகலில் நடந்து கண்டுவையுங்கள். இரவில் அங்கே ஓட ஏலாது, யானையும் வரும். இப்படியான ஊரில் போனைவிட ஆள்தான் பலம். கீழே கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

அவர் அனுப்பின மிரட்டல் வொயிஸை அழிக்கவா?

அழிக்க வேண்டாம், முதலில் இன்னொருவருக்கு அனுப்புங்கள். காயத்தை வெளிச்சத்தில் இரண்டு விதமாகப் படம் எடுங்கள்: காயம் மட்டும் ஒன்று, முகமும் காயமும் தெரிய ஒன்று. திகதியைக் குரலாகச் சொல்லிப் பதிந்து வைக்கலாம். ஆனால் படம் மட்டும் போதாது, அரச வைத்தியசாலைக்குப் போய் "விழுந்துட்டன்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். டாக்டர் எழுதுகிறதுதான் நீதிமன்றத்தில் நிற்கும். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்று ஒரு பிரிவு இதற்காகவே இருக்கிறது. காய்ச்சல் என்று துண்டெடுத்துவிட்டும் அங்கே போகலாம்.

எனக்கு வழக்கும் வேணாம், அவரை விடவும் வேணாம். ஆரோடயும் கதைக்க வேணும், அவ்வளவுதான்.

அது போதுமான காரணம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். மனம் தாங்காமல் போனால் 1926, மனநல உதவி இலக்கம். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் யுத்தகாலத்திலிருந்து பெண்களோடு வேலை செய்கிறது. இந்த ஆண்டு கதைத்துவிட்டு, மூன்று ஆண்டு கழித்து முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். முடிவே எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஏன் என்று கேட்டதில்லை.

நான் பக்கத்து வீட்டுக்காரி. சத்தம் கேக்குது. நான் என்ன செய்ய ஏலும்?

"அது புருஷன் பெண்டாட்டி விசயம்" என்று கதவைச் சாத்தாமல் இருங்கள். நேரே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். கடன் கேட்கிற மாதிரி, சுளகு கேட்கிற மாதிரி வாசலில் நின்று கூப்பிடுங்கள். ஆள் வந்தால் ஓங்கிய கை பல நேரம் இறங்கும். இறங்காவிட்டால் உங்கள் போனிலிருந்து 119க்கு எடுங்கள். பாதிக்கப்பட்டவள்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை.

அவளுடைய கணவர் வயலுக்கோ கடலுக்கோ போன பகல் ஒன்றில், தனியாக, "உனக்குத் தேவையெண்டா என்ட போன் இருக்கு மனே" என்று ஒரு தடவை சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வேண்டாம். அவளுடைய உறுதியின் படமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழின் படமும் உங்கள் போனில் இருக்கட்டும். மாரி காலம் முழுக்க அந்தப் போனில் பாதிச் சார்ஜாவது இருக்கட்டும். இரவில் அதைச் சைலன்ட்டில் போட வேண்டாம்.